இன்ஹேலரும் வாயில் வரும் வெண்படலமும்

ஐப்பசி பிறந்தால் தில்லியில் புகையும் பனியும் கைகோத்துக் கொள்ளும். ஆஸ்துமாவோ நாள்பட்ட மூச்சடைப்போ உள்ள நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அப்போது இன்ஹேலர்தான் துணை. மருத்துவராக நான் அவர்களிடம் அடிக்கடி கேட்பது இது: "நாக்கெல்லாம் வெள்ளையா இருக்கு டாக்டர், ரசம் சாதம்கூட எரியுது. அதான் மருந்தை நிறுத்திட்டேன்." வெண்படலத்தைவிட, நிறுத்திவிட்டதுதான் எனக்குக் கவலை தருகிறது. அந்த மருந்து இல்லாமல் போனால் மூச்சுத்திணறல் முற்றி, ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகலாம்.

படலத்துக்குக் காரணம் கேண்டிடா என்ற பூஞ்சை. ஆரோக்கியமான பலரின் வாயிலும் அது சத்தமில்லாமல் குடியிருக்கிறது. புடசோனைட், ஃபுளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தை இழுக்கும்போது, நல்லதொரு பங்கு நுரையீரலுக்குப் போகாமல் வாயிலும் தொண்டையிலும் படிந்து, அங்குள்ள எதிர்ப்புச் சக்தியைத் தணித்துவிடுகிறது. பூஞ்சைக்கு அது போதும். வயதானவர்களுக்கு எச்சில் வறட்சி, சர்க்கரை நோய், இரவிலும் கழற்றாத பல்செட் எல்லாம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்! (அவசரத்துக்கு இழுக்கும் சால்பியூட்டமால் மட்டுமே உள்ள இன்ஹேலரில் ஸ்டீராய்டு இல்லை.)

தடுப்பது எளிது. மருந்தை இழுத்தவுடன் தண்ணீரால் வாயையும் தொண்டையையும் நன்றாகக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. காலையும் இரவும் பல் தேய்ப்பதற்குச் சற்று முன் மருந்தை இழுத்தால் மறக்காது. அழுத்திப் பீய்ச்சும் வகை இன்ஹேலரானால் 'ஸ்பேசர்' குழாய் மாட்டி இழுக்கலாம். வாயில் படிவது வெகுவாகக் குறையும். பொடி மாத்திரை போடும் கருவிக்கு அது பொருந்தாது. பல்செட்டை இரவில் கழற்றிச் சுத்தம் செய்து வைக்க வேண்டும்.

வந்துவிட்டாலும் பயப்பட வேண்டாம். க்ளோட்ரிமசோல், நிஸ்டாட்டின் போன்ற மருந்துகளை வாயில் தடவினால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் சரியாகிவிடும். கடையில் கேட்டு நாமாகவே வாங்கக் கூடாது. சில பூஞ்சை மருந்துகள், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு ஆபத்தாக முடியும். விழுங்கும்போது வலித்தாலோ, வழித்தும் போகாத வெள்ளைத் திட்டு இருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வெற்றிலை, புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவிடம் போனில் பேசும்போது, "மருந்து இழுத்தீங்களா?" என்பதோடு "கொப்பளிச்சீங்களா?" என்றும் கேளுங்கள். வாய் எரிகிறது என்றால் மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.