வீட்டுக்கு போட்ட கடைக்கால் குடோனை தாங்குமா? மாடி ஏற்றும் முன் இதை படியுங்கள்!

திருமுல்லைவாயில்,

திருமுல்லைவாயில், அம்பத்தூர், ஆவடி பக்கம் சி.டி.எச். ரோட்டை ஒட்டி இடம் வைத்திருப்பவர்கள் பலர் போடும் கணக்கு ஒன்றுதான். கீழே இருக்கிற வீட்டை கடையாக மாற்றினால் எவ்வளவு வாடகை வரும்? மேலே இன்னும் 2 தளம் ஏற்றி ஜவுளிக்கடைக்கோ, குடோனுக்கோ விட்டால் எவ்வளவு வரும்? வாடகை கணக்கு சரிதான். எடை கணக்கு போட்டார்களா என்றால், அங்கேதான் இடிக்கிறது.

கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2½ டன் எடை. 5 அங்குல கனத்தில் 1,000 சதுர அடிக்கு ஒரு தளம் போட்டால், தளம் மட்டுமே கிட்டத்தட்ட 29 டன். இது தவிர பீம், தூண், சுவர், டைல்ஸ் எல்லாம் தனி.

இனி உள்ளே வைக்கிற சாமான். வீட்டு அறைக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்று வைத்து டிசைன் போடுவார்கள். கடைக்கு 400 கிலோ. குடோன் என்றால் குறைந்தபட்சம் 750 கிலோ, சரக்கை உயரமாக அடுக்கினால் அதற்கு மேலும் போகும். அதாவது அதே 1,000 சதுர அடி வீடாக இருந்தபோது 19 டன்னுக்கு கணக்கு போட்ட இடம், குடோன் ஆனதும் 70 டன் கேட்கிறது. வெளியே பெயிண்ட் அடித்து போர்டு மாட்டிவிட்டால் பார்க்க புது கட்டிடம்தான். ஆனால் மண்ணுக்குள் இருப்பது பழைய கடைக்கால் ஆச்சே!

மறக்க முடியாத மவுலிவாக்கம்

போரூர் பக்கத்தில் உள்ள மவுலிவாக்கத்தில் 2014-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி சனிக்கிழமை மாலை, நல்ல மழை. கட்டி முடியும் நிலையில் இருந்த 11 மாடி கட்டிடம் அப்படியே தரைமட்டமானது. 61 பேர் பலியானார்கள். செத்தவர்களில் பெரும்பாலானவர்கள் அங்கே வேலை பார்த்த கூலித் தொழிலாளர்கள்.

இடி விழுந்ததுதான் காரணம் என்று கட்டிய தரப்பில் சொன்னார்கள். ஆனால் நீதிபதி ரகுபதி கமிஷன் விசாரணையில், கட்டிடத்தின் டிசைனிலேயே கோளாறு இருந்தது தெரியவந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு 11 மாடி கட்டிடத்தையும் 2016-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி வெடிவைத்து தகர்த்தார்கள். சில விநாடிகளில் எல்லாம் தூளானது. 11 மாடிக்கே இப்படி என்றால் நம்ம 3 மாடிக்கு என்ன என்று நினைக்கக்கூடாது. மாடி எத்தனை என்பதல்ல, கீழே இருப்பது தாங்குமா என்பதுதான் கேள்வி.

மண் பரிசோதனை

நம்ம பக்கம் ஏரிகள் அதிகம். ஏரியை ஒட்டிய களிமண் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். பள்ளமான மனையில் நாலைந்து லோடு மண் கொட்டி மேடாக்கி விற்பதும் நடக்கிறது. கொட்டிய மண் மேல் பூட்டிங் வைத்தால் கட்டிடம் ஒரு பக்கமாக இறங்கும். அதன் அடியில் இருக்கிற கெட்டியான இயற்கை மண் வரை போக வேண்டும்.

அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை துளை போட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்தில் இருந்து விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி பிடிக்கிறது என்று எண்ணுவார்கள். அடி குறைந்தால் மண் லூஸ். அதை வைத்துத்தான் தூணுக்கு தனி பூட்டிங் போதுமா, மொத்தத்துக்கும் சேர்த்து ராஃப்ட் போடுவதா, பைல் இறக்குவதா என்று என்ஜினீயர் முடிவு செய்வார். வாஸ்துவுக்கு தாராளமாக செலவு செய்கிறவர்கள் இதற்கு மட்டும் பேரம் பேசுவது ஏன் என்றுதான் புரியவில்லை.

'கொஞ்சம் தண்ணி விடுப்பா'

கலவை கெட்டியாக இருக்கிறது, தள்ள முடியவில்லை என்றதும் சைட்டில் வருகிற முதல் குரல் இது. ரெடிமிக்ஸ் லாரியிலும் பைப்பை சொருகி விடுகிறார்கள். மண்ணுக்குள் போகிற கான்கிரீட் எம்-25 என்றால் 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகக்கூடாது. அதிகமாக விட்ட தண்ணீர் பிறகு வெளியேறி, உள்ளே ஓட்டை ஓட்டையாக விட்டுவிடும். பலம் இறங்கும், கம்பியும் துரு பிடிக்கும். இளக்கம் வேண்டும் என்றால் அதற்கு கெமிக்கல் இருக்கிறது. பூட்டிங்கில் கம்பிக்கு அடியிலும் பக்கத்திலும் 50 மி.மீ. கவர் பிளாக் வைக்க வேண்டும். உடைந்த செங்கல் துண்டை வைத்து சமாளிக்கிற வேலை ஆகாது.

கடைக்கால் போட்ட மறுநாளே மண்ணை தள்ளி மூடுவதும் தப்பு. இப்போது வருகிற சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாளாவது ஈரம் காயாமல் நனைக்க வேண்டும். கலவை போடும்போதே 15 செ.மீ. கட்டிகள் எடுத்து 7-வது நாளும், 28-வது நாளும் உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எம்-25 என்ற கணக்கு 28-வது நாளுக்குத்தான்.

பள்ளத்தில் நிற்பவர் உயிர்

இதில் முதல் ஆபத்து வேலை செய்கிறவருக்குத்தான். 1½ மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கத்து மண் சரியாமல் பலகை அடித்து முட்டு கொடுக்க வேண்டும், அல்லது சரிவாக வெட்ட வேண்டும். தோண்டிய மண்ணை பள்ளத்தின் ஓரத்திலேயே குவிக்கக்கூடாது. மழை பெய்த மறுநாள் என்ஜினீயரோ, மேஸ்திரியோ பார்க்காமல் யாரும் உள்ளே இறங்க வேண்டாம்.

மவுலிவாக்கம் நடந்து 8 நாளில், 2014 ஜூலை 6-ந் தேதி, செங்குன்றம் அருகே உப்பரபாளையத்தில் ஒரு குடோனின் 20 அடி உயர சுற்றுச்சுவர் மழையில் சரிந்தது. சுவர் ஓரம் குடிசையில் தங்கியிருந்த ஆந்திர தொழிலாளர்கள் 11 பேர் பலியானார்கள். உயரமான சுவருக்கு தூணும், அகலமான கடைக்காலும், தண்ணீர் வடிய துளையும் வேண்டும். அதன் அடியில் தொழிலாளர்களை தங்க வைக்கவே கூடாது.

ஏற்கனவே மாடி ஏற்றிய கட்டிடத்தில் கடை வைத்திருப்பவர்கள் சுவரை கவனியுங்கள். ஜன்னல், கதவு மூலையில் இருந்து சாய்வாக ஓடும் விரிசல், திடீரென இறுகும் கதவு, தூணில் செங்குத்தாக பிளவு இருந்தால் விட்டுவிடாதீர்கள். விரிசலுக்கு குறுக்கே ஒரு கண்ணாடி துண்டை சிமெண்ட் வைத்து ஒட்டி, தேதியை எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் வளர்கிறது என்று அர்த்தம். உடனே மேல் தளத்து சரக்கை இறக்கிவிட்டு ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயரை கூப்பிடுங்கள். தூணில் பிளவு என்றால் கண்ணாடி ஒட்டிக்கொண்டு இருக்காதீர்கள், ஆட்களை முதலில் வெளியே அனுப்புங்கள்.