எலிக்குப் பலித்தது குழந்தைக்கும் பலிக்குமா?

ஆம்பூரிலோ வேலூரிலோ குழந்தைக்குப் பேதி என்று மருந்துக்கடைக்குப் போனால், பல சமயம் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தோடு ‘நல்ல பாக்டீரியா’ தூளும் கைக்கு வருகிறது. அந்தத் தூள் வேலை செய்யும் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

முதற்கட்டச் சோதனைகளில் முக்கியமானது ஆய்வுக்கூடச் சுண்டெலி. அதன் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் வெளிக்கிருமியை லேசில் ஒட்டவிடாது. அதனால் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமியை வைத்துச் சோதிக்கும்போது, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்து முதலில் அந்தக் காவலைக் குறைப்பார்கள். ஒரே இனம், ஒரே வயது, ஒரே தீனி கொண்ட எலிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நல்ல பாக்டீரியாவும் மற்றதற்கு அது கலக்காத திரவமும் தருவார்கள். நோய்க்கிருமி இரண்டுக்குமே உண்டு. பிறகு எலிப்புழுக்கையைக் கரைத்துத் தட்டில் வளர்த்து, எத்தனை கிருமித் திட்டுகள் முளைக்கின்றன என்று எண்ணுவார்கள். எடை குறைந்ததா, குடல் வீங்கியதா, கிருமி கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் பரவியதா என்றும் பார்ப்பார்கள்.

எப்படிக் காக்கிறது என்பதையும் எலி காட்டிக்கொடுக்கும். 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு ஆபத்தான ஈ.கோலை ஓ157-ஐக் கொடுத்தார்கள். முன்கூட்டியே பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் என்ற நல்ல பாக்டீரியாவைப் பெற்ற எலிகள் பிழைத்தன. அந்தப் பாக்டீரியா சுரந்த அசிட்டேட் என்ற பொருள் குடல்சுவரைப் பலப்படுத்தியிருந்தது. அதே குடும்பத்தின் இன்னொரு வகை காப்பாற்றவில்லை. ‘நல்ல பாக்டீரியா’ என்ற பொதுப்பெயர் போதாது, எந்த ரகம் என்பதே முக்கியம்.

ஆனால் எலிக்கூண்டில் எல்லாம் ஒழுங்கு, வீட்டில் அப்படியில்லை. தண்ணீர், உணவு, சத்துக்குறைவு எல்லாம் குழந்தைக்குக் குழந்தை மாறும். ஆகவே குழந்தைகளிடமே சோதிக்க வேண்டியிருக்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி அதைச் செய்தது. 2014-இல் வெளிவந்த அந்த ஆய்வில், பேதி கண்ட 124 குழந்தைகளுக்கு லாக்டோபேசில்லஸ் ஜிஜி என்ற ரகமோ வெற்று மருந்தோ நான்கு வாரம் தரப்பட்டது. ரோட்டா வைரஸ் பேதி வந்தவர்களில், வெற்று மருந்து பெற்றோரில் 46 சதவீதத்தினருக்குப் பேதி திரும்ப வந்தது. பாக்டீரியா பெற்றோரில் 25 சதவீதத்தினருக்கே வந்தது.

அதே ரகத்தை அமெரிக்க மருத்துவமனைகளில் 971 குழந்தைகளிடம் ஐந்து நாள் கொடுத்துப் பார்த்த 2018 ஆய்வில் பலன் தெரியவில்லை. கிருமி, கொடுக்கும் நாள், ஊர், எதைப் பலன் என்று அளக்கிறோம் என்பது மாறினால் விடையும் மாறுகிறது.

எனவே பொட்டலத்தில் ரகத்தின் முழுப்பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் குழந்தையின் நோய்க்கு அது சோதிக்கப்பட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குறைமாதக் குழந்தைக்கும் எதிர்ப்புசக்தி குன்றிய குழந்தைக்கும் மருத்துவர் சொல்லாமல் தரவே கூடாது. பேதியில் உயிரைக் குடிப்பது நீரிழப்பு. அதைத் தடுப்பது ஓ.ஆர்.எஸ். கரைசல், கூடவே மருத்துவர் சொல்லும் அளவில் துத்தநாக மருந்து, நிறுத்தாத தாய்ப்பால். கையில் காசு குறைவாக இருந்தால் இவற்றுக்கே முதலில் செலவழியுங்கள்.