மதுரையில் ஒரு காஜியின் சாட்சி

மதுரையின் சரித்திரத்தைச் சொல்ல வருவோர் பாண்டியரைப் பற்றியும் நாயக்கரைப் பற்றியும் சலியாமல் பேசுவர். நடுவே சுமார் நாற்பது வருஷ காலம் நடந்த ஸுல்தான்களின் ஆட்சிக்கு வந்ததும் அவர்களுடைய குரல் மாறிவிடுகிறது. சிலர் அதைப் பேசாமலே தாண்டிச் செல்கின்றனர். வேறு சிலர் அதை மட்டுமே பேசி, அடுத்த தெருவில் குடியிருக்கும் முஸ்லிம் சகோதரர் பேரில் பழைய கணக்கை எழுதப் பார்க்கின்றனர். இரு சாராரும் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. அக்காலத்துக் கொடுமைகளைக் கண்ணாற் கண்டு எழுதிவைத்த சாட்சி ஒரு முஸ்லிம். இஸ்லாமிய நீதி சாஸ்திரம் கற்றுத் தீர்ப்புக் கூறிய காஜி. போதாதற்கு அந்த ஸுல்தானுக்குச் சகலபாடி!

அவர்தாம் இப்னு பதூதா. 1304-இல் மொராக்கோ தேசத்துத் தாஞ்சியர் நகரில் பிறந்தவர். இருபத்தொன்றாம் வயதில் மக்கா யாத்திரைக்குப் புறப்பட்டு உலகத்தையே சுற்றியவர். டில்லியில் முகம்மது பின் துக்ளக்கிடம் காஜி உத்தியோகம் பார்த்தார். மாலத் தீவுகளிலும் அப்பதவியை வகித்தார். டில்லியில் அவர் மணந்த பெண்களுள் ஒருத்தி, பின்னர் மதுரையில் சுதந்தர ஸுல்தானாகத் தன்னைப் பிரகடனம் செய்துகொண்ட ஜலாலுத்தீன் அஹ்ஸனுடைய மகள். அவளுடைய சகோதரியை மணந்தவனே, பிற்பாடு மதுரைச் சிம்மாசனத்தில் ஏறிய கியாஸுத்தீன். 1344-ஆம் வருஷ வாக்கில் இலங்கையிலிருந்து வந்த இப்னு பதூதாவின் கப்பல் நமது கரையோரத்தில் உடைந்தபோது, சேதி கேட்ட கியாஸுத்தீன் உறவு பாராட்டி ஆள் அனுப்பித் தன் பாசறைக்கு அழைத்துக்கொண்டான்.

அங்கே விருந்தாளி கண்ட காட்சிகள் எத்தகையவை? காட்டு வழியில் அகப்பட்ட ஹிந்துக்கள், மனைவி மக்களுடன் பாசறைக்குக் கொண்டுவரப்பட்டனர். மறுநாட் காலையில், மரவேலியின் நான்கு வாசல்களிலும் ஆண்கள் கழுவேற்றப்பட்டனர். பெண்களும் கைக்குழந்தைகளும் வெட்டப்பட்டனர். மற்றொரு நாள், ஸுல்தான் போஜனம் செய்யும் வேளை. ஒரு பக்கம் ஊர்க் காஜி, மறு பக்கம் இப்னு பதூதா. ஒரு மனிதனும் அவன் மனைவியும் ஏழு வயது மகனும் கொண்டுவரப்பட்டனர். ஸுல்தான் சைகை காட்டினான். இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி பார்த்தபோது தலைகள் தரையிற் கிடந்தன.

ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர், எண்பது வயது முதியவர், சிறைப்பட்டபோது அவருக்கு விடுதலை தருவதாக வாக்களித்து, யானை குதிரை பொருள் அனைத்தையும் வாங்கிக்கொண்டு, பின் கொன்று, தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டான் கியாஸுத்தீன். அதையும் இப்னு பதூதா கண்டிருக்கிறார். அவ்வல்லாளருடைய சேனையில் இருபதினாயிரம் முஸ்லிம்கள் இருந்தனர் என்று எழுதுபவரும் அவரே. ஆகவே இதனை இரண்டு மதங்களின் யுத்தம் என்று எளிதாகச் சொல்லிவிடுவதற்கில்லை.

பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதைப் பற்றி அவர் சொல்லும் தீர்ப்பு தெளிவானது. வேறு எந்த அரசனும் செய்து தாம் அறியாத இழிசெயல் என்கிறார். அதன் பொருட்டே ஆண்டவன் அவனுக்கு மரணத்தை விரைவுபடுத்தினான் என்கிறார். மதுரையில் அப்பொழுது கொள்ளைநோய் மூண்டிருந்தது. சிறிது காலத்துக்குள் ஸுல்தானும் மாண்டான்.

இத்தீர்ப்பு அவருடைய சொந்த இரக்கத்திலிருந்து மட்டும் பிறந்ததன்று. அவர் கற்ற சாஸ்திரத்திலிருந்து பிறந்தது. அநீதிக்கும் கொடுமைக்கும் அரபியில் ‘ஜுல்ம்’ என்று பெயர். ஒன்றை அதற்கு உரிய இடத்தில் வைக்காமல் வேறிடத்தில் வைப்பது என்பது அச்சொல்லுக்குப் பெரியோர் கூறும் பொருள். ஆண்டவன் ஜுல்மைத் தனக்கே விலக்கிக்கொண்டு, அடியார்களுக்கும் விலக்கினான் என்று நபிகள் நாயகம் அறிவித்திருக்கிறார். யுத்தத்திலும் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லலாகாது என்று தடுத்திருக்கிறார். ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதியினின்றும் பிறழச் செய்யவேண்டாம் என்பது குர்-ஆனின் ஐந்தாம் அத்தியாயம் எட்டாம் வசனத்தின் கருத்து. நான்காம் அத்தியாயத்தின் 135-ஆம் வசனமோ இன்னும் கடினமானது: உங்களுக்கும் உங்கள் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராயினும் நீதிக்காகச் சாட்சி சொல்லுங்கள் என்கிறது. சகலபாடிக்கு விரோதமாக எழுதிய காஜி இந்தக் கட்டளையையே நிறைவேற்றினார் என்று சொல்லலாமன்றோ?

ஆனால் முழுதும் நிறைவேற்றினாரா? தீமையைக் கண்டவன் கையாலே மாற்றட்டும், இயலாவிடில் நாவினாலே, அதுவும் இயலாவிடில் மனத்தினாலேனும் வெறுக்கட்டும், அதுவே விசுவாசத்தின் கடைசிப் படி என்பது நபிமொழி. கொடுங்கோலன் முன்னிலையில் சொல்லும் நியாயமான சொல்லே மேலான அறப்போர் என்பது இன்னொன்று. வேறொரு நாள் ஒரு கைதியைக் கொண்டுவந்து சேவகர்கள் கத்தியை உருவியபோது, இப்னு பதூதா அவசரமாக எழுந்தார். எங்கே போகிறீர் என்றான் ஸுல்தான். அஸர் தொழப் போகிறேன் என்றார் இவர். உட்கருத்தைப் புரிந்துகொண்ட ஸுல்தான் சிரித்துவிட்டு, கைதியின் கைகால்களை வெட்ட உத்தரவிட்டான். தொழுகை முடித்துத் திரும்பியபோது அம்மனிதன் இரத்தத்திற் கிடந்தான்.

உயிருக்கு அஞ்சிய விருந்தாளியை நாம் ஏளனம் செய்யவேண்டுவதில்லை. ஆயினும், அவருடைய நா பேசியது ஏறக்குறைய பத்து வருஷங்களுக்குப் பிறகு. தாயகம் திரும்பி, பெஸ் நகரில் இப்னு ஜுஸய் என்னும் எழுத்தாளரிடம் தம் பிரயாண வரலாற்றைச் சொல்லி, 1355-இல் முடித்த பிறகு. கியாஸுத்தீனுக்கு அதனால் ஒரு தடையும் நேரவில்லை. சரித்திரத்துக்கு மட்டும் உண்மை கிடைத்தது.

தொழுகையைச் சாக்காக்கி எழுந்து போவது அவருக்கு மட்டும் உரிய வழக்கமா? பக்தி என்னும் திரைக்குப் பின் நின்று, பக்கத்தில் நடக்கும் அக்கிரமத்தைக் காணாதிருப்பது எல்லா மதத்தாருக்கும் பழகிய வித்தை. இதற்கும் நபிகள் நாயகம் ஓர் உவமை கூறியிருக்கிறார். தம் சமூகத்தில் திவாலானவன் யார் என்று கேட்டார். கையிற் காசில்லாதவன் என்றனர் தோழர். அல்ல, மறுமை நாளில் தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாவற்றையும் கொண்டு வருபவன், ஆனால் ஒருவனை ஏசியிருப்பான், ஒருவன் பொருளைத் தின்றிருப்பான், ஒருவனை அடித்திருப்பான், ஒருவன் இரத்தத்தைச் சிந்தியிருப்பான். அவனுடைய புண்ணியம் முழுவதும் அவர்களுக்குப் பங்கிடப்படும்; அது தீர்ந்ததும் அவர்களுடைய பாவம் இவன் தலையில் ஏற்றப்படும். அவனே திவாலானவன் என்றார். மனிதனுக்குச் செய்த கடனை அம்மனிதனே மன்னிக்கவேண்டும் என்பது இதன் சாரம்.

அநீதி செய்பவனாயினும் அநீதிக்கு ஆளானவனாயினும் உன் சகோதரனுக்கு உதவி செய் என்றும் அவர் சொன்னார். ஆளானவனுக்கு உதவுவது சரி, செய்பவனுக்கு உதவுவது எவ்வாறு என்று கேட்டனர். அவன் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விடை வந்தது.

நேயர்களே! மதுரையில் இன்றும் காஜிமார் தெரு உண்டு. அங்கே ஐவேளையும் பாங்கொலி எழுகிறது. அறுநூற்றெண்பது வருஷங்களுக்கு முன் மாண்டுபோன ஒரு ஸுல்தானுக்காக அத்தெருவார் எவருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை. அவன் குற்றத்தை அவர்களுடைய வேதமே அன்றே விசாரித்துவிட்டது. நமக்கு மிஞ்சியிருக்கும் கேள்வி வேறு. பிறத்தியான் செய்த கொடுமையைச் சொல்ல ஊரில் ஆயிரம் நா உண்டு. நம் ஜாதியான், நம் கட்சிக்காரன், நம் பந்து ஒருவன் எளியவனை வதைக்கும்போது, நாம் அவன் கையைப் பிடிப்போமா, அல்லது பூஜைக்கு நேரமாயிற்று என்று எழுந்து போவோமா? பதிலைப் பத்து வருஷம் கழித்து எழுதிப் பயனில்லை. அன்றே, அவ்விடத்திலேயே சொல்லவேண்டும்.