பேராசிரியர் காவல் தலைவரானபோது

காவல் நிலையம் யாருக்காக இருக்கிறது? அமெரிக்கக் கறுப்பின மக்களும் நம் சேரி மக்களும் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் கேள்வி இது. இதை வகுப்பறையிலும் கேட்டு, காவல்துறைக்குத் தலைமை ஏற்றும் பதில் தேட முயன்றவர் லீ பி. பிரவுன்.

1937இல் ஓக்லஹோமா மாநிலத்தில், வாரத்துக்குப் பயிரிட்ட கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். குடும்பம் பிழைப்புத் தேடி கலிபோர்னியாவுக்குப் போனது. அங்கே பண்ணை வேலை செய்தபடியே படித்து, குற்றவியலில் பட்டம் பெற்றார். 1960இல் சான் ஹோசே நகரில் காவலராகச் சேர்ந்தார். பணியில் இருந்துகொண்டே மேற்படிப்பைத் தொடர்ந்தார். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970இல் குற்றவியல் முனைவரானார். போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்திலும் ஹோவர்ட் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்தார்.

1978இல் அட்லாண்டா நகரின் பொதுப் பாதுகாப்பு ஆணையரானார். மறு ஆண்டே கறுப்பினச் சிறுவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்பட்டனர். மேயரும் ஆணையரும் கறுப்பினத்தவர்களாக இருந்தும், தங்கள் பிள்ளைகளின் சாவை நகரம் தாமதமாகத்தான் கண்டுகொண்டது என்று தாய்மார்கள் திரண்டு நின்று குற்றம்சாட்டினார்கள். நாற்காலியில் நம்மவர் அமர்வது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

1982இல் ஹூஸ்டன் நகரின் முதல் கறுப்பினக் காவல் தலைவரானார். அது நல்ல பெயரெடுத்த காவல்துறை அல்ல. ஜோ காம்போஸ் டோரஸ் என்ற மெக்சிகோ வம்சாவளி இளைஞரை 1977இல் காவலர்கள் அடித்து நீரில் தள்ளினார்கள், அவர் இறந்தார். மாநில நீதிமன்றம் இரு காவலர்களுக்கு அளித்தது நிறுத்திவைக்கப்பட்ட ஓராண்டுத் தண்டனையும் 1 டாலர் அபராதமும்தான்!

அந்தத் துறையைத்தான் பிரவுன் மக்களிடம் அனுப்பினார். குடியிருப்புகளுக்குள் சிறு காவல் மையங்களைத் திறந்தார். காவலர்கள் வீடுவீடாகப் போய், “உங்களுக்கு என்ன பிரச்சினை?” என்று கேட்டார்கள். மக்களின் அச்சம் குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஆனால், அந்த மையங்களின் பலன் வெள்ளையருக்கும் சொந்த வீடு உள்ளவர்களுக்குமே அதிகம் போய்ச் சேர்ந்தது. வாடகை வீட்டுக் கறுப்பினத்தவருக்குக் குறைவாகவே கிடைத்தது என்றும் அவர்கள் எழுதினார்கள். நல்ல திட்டமும் ஊர்த்தெருவிலேயே நின்றுவிடும் என்பது நமக்குப் புதிய செய்தியா என்ன?

பிறகு நியூயார்க் காவல் ஆணையர், கிளிண்டன் அமைச்சரவையில் போதைப்பொருள் ஒழிப்புப் பொறுப்பு, மறுபடியும் பேராசிரியர் பணி. 1998 முதல் 2004 வரை ஹூஸ்டனின் முதல் கறுப்பின மேயர். வாரக் குடியானவர் வீட்டுப் பிள்ளையின் பயணம் இது.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒடுக்கப்பட்டவர்கள் காவல்துறையில் எல்லா நிலையிலும் இருக்க வேண்டும். அதோடு, துறையின் நடைமுறையும் கடைசித் தெருவரை மாற வேண்டும். நம் நாட்டில் இதற்குச் சட்டமே இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 13ஆம் விதி, வன்கொடுமை நிகழும் பகுதிகளில் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் சிக்கல்களைப் புரிந்துகொண்ட அலுவலர்களையே நியமிக்கச் சொல்கிறது. காவல் நிலையம் வரை அவர்களுக்குப் போதிய பிரதிநிதித்துவமும் தரச் சொல்கிறது. 17ஆம் விதிப்படி அமைந்த மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும்.

அடுத்த கூட்டம் எப்போது என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். 13ஆம் விதி நம் மாவட்டத்தில் எந்தெந்தக் காவல் நிலையத்தில் நடைமுறையில் இருக்கிறது என்று எழுத்தில் பதில் கேளுங்கள்.