எரிமலை எதிரே நங்கூரம் போடுமுன்

2019 ஆகஸ்ட் 28. சிசிலிக்கு வடக்கே, இத்தாலியின் ஸ்ட்ரோம்போலித் தீவருகே ஒரு பாய்மரப் படகிலிருந்து எடுத்த காணொளி உலகமெங்கும் பரவியது. மலையுச்சியில் புகை எழும்புகிறது. சில நொடிகளில் சாம்பல் மேகம் சரிவில் உருண்டு இறங்குகிறது. தண்ணீரைத் தொட்டும் நிற்காமல் கடல்மேலேயே படகைத் துரத்துகிறது. படகில் இருந்தவர்கள் தப்பினார்கள். எட்டு வாரத்துக்கு முன், ஜூலை 3 வெடிப்பில் மலையேறிய ஒருவர் தப்பவில்லை.

"நாம் கரையிறங்கப் போவதில்லையே, படகிலிருந்துதானே பார்க்கப்போகிறோம்" என்ற தைரியம்தான் பெரிய ஆபத்து. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த மேகம் நீரைவிட லேசானது. அலைமேல் வழுக்கிக்கொண்டு ஓடும். பாய்மரப் படகின் எஞ்சினை முழு வேகத்தில் விட்டாலும் மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர்தான்.

சியாரா டெல் ஃபுவோகோ என்ற கருஞ்சரிவின் எதிரேதான் இரவில் படகுகள் கூடும். கால் மணிக்கொரு தரம் தீப்பொறி எழும்புவதும், செங்கற்கள்போல் சிவந்த பாறைகள் உருண்டு கடலில் விழுவதும் கண்கொள்ளாக் காட்சி, மறுக்கவில்லை. ஆனால் 2002 டிசம்பர் 30 அன்று அதே சரிவு சரிந்து கடலில் விழ, எழுந்த சுனாமி ஊருக்குள் பத்து மீட்டர் உயரம்வரை ஏறியது. அலை ஊரை அடைய சில நிமிடமே ஆகும். தீவில் சைரன் ஒலித்தால், கரையில் இருப்பவர் டிங்கி என்ற சிறு படகைத் தேடி ஓடக்கூடாது. மேட்டுக்கு ஏற வேண்டும். படகில் இருப்பவர் கரையைவிட்டு விலகி, ஆழ்கடலுக்குப் போக வேண்டும்.

எவ்வளவு நெருங்கலாம், எந்த உயரம்வரை ஏறலாம் என்பதைக் கடலோரக் காவல்படையும் உள்ளூர் மேயரும் ஆணையிட்டுத் தீர்மானிக்கிறார்கள். அது மலையின் நிலையைப் பொறுத்து மாறும். 2024 ஜூலையில் எச்சரிக்கை சிவப்புக்கே போனது. போன வருடம் போய்வந்த நண்பர் சொன்ன கணக்கு இன்று செல்லாது. புறப்படும் நாளன்று நடப்பில் உள்ள ஆணையைப் பாருங்கள். விஎச்எஃப் ரேடியோவில் சானல் 16-ஐத் திறந்தே வையுங்கள். சாம்பல் விழுந்தால் படகின் தளத்தை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். அது கண்ணாடித் தூள்போல் கீறும்.

இனி பயணியின் உரிமை. நியூசிலாந்தின் வாக்காரி தீவில் 2019 டிசம்பர் 9 அன்று எரிமலை வெடித்தபோது 47 பேர் இருந்தார்கள்; 22 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை நிலை மூன்று வாரம் முன்பே உயர்த்தப்பட்டிருந்தது. சவாரி நடத்துபவர் பணம் கட்டுபவரிடம் எச்சரிக்கை நிலையைச் சொல்லியே ஆகவேண்டும் என்பதுதான் என் வாதம். "இன்று எச்சரிக்கை நிறம் என்ன?" என்று கேளுங்கள். மழுப்பினால் ஏறாதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் தங்குமிடமும் பயணமும் சேர்ந்த தொகுப்பாக வாங்கியிருந்து, எரிமலை அந்தப் பயணத்தைப் பெரிதும் பாதித்தால், புறப்படுமுன் கட்டணப் பிடித்தமின்றி ரத்து செய்யலாம். பணம் 14 நாளில் திரும்ப வரவேண்டும். இரவு தங்காத, ஒருநாளைக்கும் குறைந்த படகுச் சவாரிக்குப் பொதுவாக இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆளில்லாமல் படகை மட்டும் வாடகைக்கு எடுத்தால் பொறுப்பு பெரும்பாலும் உங்கள் தலையில்தான். ஒப்பந்தத்தையும் காப்பீட்டு விலக்குகளையும் கையெழுத்துக்கு முன் படியுங்கள். வெடிப்பு செய்தியான பிறகு எடுக்கும் காப்பீடு பெரும்பாலும் அந்த வெடிப்புக்குக் கைகொடுக்காது. ரசீதையும் அன்றைய எச்சரிக்கை அறிவிப்பின் படத்தையும் பத்திரப்படுத்தி, புகாரை எழுத்திலேயே கொடுங்கள்.