சிலிண்டருக்குள் காற்றுக்கு வயதாகுமா?

மாத்தளை மாவட்டத்துப் பல்லேகமவுக்குக் கடல் வெகுதூரம். ஆனால் ஆழமான நீர் பக்கத்திலேயே இருக்கிறது. 2018இல் களுகங்கை அணையில் நீர் தேங்கத் தொடங்கியபின், பழைய நகரம் இருந்த பள்ளத்தாக்கு நீர்த்தேக்கமாகிவிட்டது. இத்தகைய உள்நாட்டு நீர்நிலைகளில் சுழியோடிகளுக்கு என்றைக்காவதுதான் வேலை வரும்: யாராவது மூழ்கிவிட்டால், அல்லது அணையின் மதகைப் பார்க்க வேண்டியிருந்தால். திருகோணமலையில் சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்குள் அழைத்துச் செல்வோர் சிலிண்டரை அடிக்கடி காலியாக்கி நிரப்புகிறார்கள். எப்போதாவது எடுக்கும் சிலிண்டரில்தான் கேள்வி எழுகிறது: பல மாதங்களுக்கு முன் நிரப்பிய காற்றைச் சுவாசிக்கலாமா?

சுத்தமான, உலர்ந்த காற்று தானாகக் கெடுவதில்லை. அதில் ஏறத்தாழ 78 சதவீதம் நைதரசன், 21 சதவீதம் ஒட்சிசன். எத்தனை காலம் நிற்கவைத்தாலும் இவை பிரிந்து மேலும் கீழுமாகப் படிவதில்லை. ஒட்சிசனைக் கூட்டிக் கலந்த நைட்ரொக்ஸ் வாயுவும் அப்படித்தான். ஆகவே நாட்களை எண்ணுவதைவிட, நிரப்பிய அன்று காற்றோடு வேறு என்ன உள்ளே போனது என்று கேட்பதே முக்கியம்.

முதல் சந்தேகம் நீர்மீது. கம்பிரசரின் வடிகட்டி சரியாக வேலை செய்யாவிட்டாலும், சிலிண்டரை முழுதாகக் காலியாக்கி நீருக்கடியில் வால்வைத் திறந்து வைத்தாலும் ஈரம் உள்ளே புகும். அலுமினிய சிலிண்டரில் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் உருவாகிச் சுவரைக் காக்கிறது. உருக்கு அப்படியல்ல; துரு பொரிந்து உதிர, அடியிலுள்ள இரும்பு மீண்டும் துருப்பிடிக்கும். 100 கிராம் இரும்பு துருவாக ஏறத்தாழ 43 கிராம் ஒட்சிசன் தேவை. சிலிண்டர் மூடியிருப்பதால் அது சுவாசிக்கவேண்டிய காற்றிலிருந்துதான் போகிறது.

இங்கே ஒரு விசித்திரம். 200 பார் அமுக்கத்தில் நிரப்பிய 12 லீற்றர் சிலிண்டரில் சுமார் 650 கிராம் ஒட்சிசன் இருக்கும். அதில் பாதியைத் தின்ன முக்கால் கிலோ இரும்பு துருவாக வேண்டும். அதே சிலிண்டரில் 10 பார் மட்டும் மிஞ்சியிருந்தால் ஒட்சிசன் 33 கிராம்தான். 40 கிராம் இரும்பு துருப்பிடித்தாலே பாதி போய்விடும். அமுக்கம் கூடினால் துருப்பிடிக்கும் வேகமும் கூடும் என்பது உண்மைதான். ஆனாலும் மூலையில் கிடக்கும் அரைகுறை சிலிண்டரின் காற்றையே அதிகம் சந்தேகிக்க வேண்டும்.

ஒட்சிசன் குறைந்த காற்றை நீரின் ஆழம் மறைத்துவிடும். 30 மீற்றரில் அமுக்கம் மேற்பரப்பைப்போல் நான்கு மடங்கு. அங்கே 5 சதவீத ஒட்சிசன் உள்ள காற்றும் கரையில் 20 சதவீதம் உள்ள காற்றுப்போல் உடலுக்குப் போதுமானதாக இருக்கும். சுழியோடி மேலே வர வர அந்த உதவி குறையும். நீர்மட்டத்தை எட்டுமுன் நினைவு தவறிவிடலாம்.

இரண்டாவது சந்தேகம் காபனோரொட்சைட்டின்மீது. பெற்றோல் எந்திரத்தின் புகை கம்பிரசரின் காற்று வாயிலில் கலந்தால், அது சிலிண்டருக்குள்ளும் போய்ச்சேரும். இந்த வாயுவுக்கு மணமில்லை. ஆழமும் அதற்குத் துணை போகிறது. மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கிய ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. அங்கே போகிறவருக்கு, காற்றில் பத்து இலட்சத்தில் 10 பங்காக உள்ள காபனோரொட்சைட்டு, கரையில் 60 பங்கைச் சுவாசிப்பதற்கு ஈடாகும். ஐரோப்பியத் தரவிதி அனுமதிப்பது 5 பங்கு மட்டுமே.

ஆகவே நீண்டகாலம் வைத்திருந்த சிலிண்டரை எடுக்குமுன் அதில் ஒட்டிய சீட்டில் நிரப்பிய திகதியையும் இடத்தையும் பார்க்க வேண்டும். பிறகு ஒட்சிசன் அளவியால் சோதிக்க வேண்டும். 21 சதவீதத்தைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தால் அந்தக் காற்று ஆகாது. காபனோரொட்சைட்டுக்குத் தனி அளவி வேண்டும்; ஒட்சிசன் அளவி அதைக் காட்டாது. துரு வாடை அடித்தாலோ, கவிழ்த்தால் உள்ளே ஏதேனும் உருளும் சத்தம் கேட்டாலோ, காற்றை வெளியேற்றி வால்வைக் கழற்றி உட்சுவரைப் பார்க்க வேண்டும். பல நாடுகளில் ஆண்டுக்கொரு முறை உட்புறத்தைக் கண்ணால் பார்ப்பதும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரமுக்கச் சோதனை செய்வதும் வழக்கம். அளவி கைவசம் இல்லாத இடத்தில், பழைய காற்றைத் திறந்துவிட்டு நம்பகமான கம்பிரசரில் புதிதாக நிரப்புவதே சரியான முடிவு.