உறை ஊற்றுகிறவர்கள்

வேடசந்தூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்கு நூற்பாலையில் ஷிப்ட் வேலை. மறுவாழ்வு மையத்தில் சேர்த்துப் பார்த்தாயிற்று. உள்ளே இருந்தவரை குடிக்கவில்லை. வெளியே வந்த வாரமே பழைய கதை. இப்போது யாரோ சொல்லி, சாயங்காலங்களில் ஒரு கூட்டத்துக்குப் போய்வருகிறாராம். அங்கே டாக்டர் இல்லை, மாத்திரை இல்லை. குடியை விட்டவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே ஆளுக்குக் கொஞ்ச நேரம் அவரவர் பட்ட பாட்டைச் சொல்கிறார்கள். “இது வைத்தியமா, இல்லை குடிக்கிற செட்டு போய் குடிக்காத செட்டு வந்ததா? இதில் விஞ்ஞானம் ஏதாவது உண்டா?” என்று கேட்கிறார்.

குடிக்கிற செட்டு போய் குடிக்காத செட்டு வருவதுதான் வைத்தியம். அதில் விஞ்ஞானமும் உண்டு. ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற விஞ்ஞானம் அல்ல.

டோபமின் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. இட்லி முதல் இன்ஸ்டாகிராம் வரை எல்லாவற்றுக்கும் டோபமினைக் காரணம் காட்டி அந்த வார்த்தை தேய்ந்துவிட்டது. அதைவிட அதிகம் சுற்றுவது ‘எலிப் பூங்கா’க் கதை. 1970களின் கடைசியில் கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் அலெக்சாண்டர் என்ற உளவியலாளர், தனிக்கூண்டு எலிகளுக்கும் கூட்டமாக விளையாடி வாழும் எலிகளுக்கும் மார்ஃபின் கலந்த தண்ணீரை வைத்துப் பார்த்தார். கூட்டத்து எலிகள் குறைவாகக் குடித்தன. உடனே “போதைக்கு மருந்து அன்பே” என்று வீடியோ போடக் கிளம்பிவிட்டார்கள். பின்னால் அதே சோதனையைச் செய்து பார்த்த சிலருக்கு அதே முடிவு கிடைக்கவில்லை என்பதை எந்த வீடியோவும் சொல்வதில்லை. அன்பான குடும்பமும் ஊர் நிறைய உறவும் இருந்தும் குடித்து அழிந்தவர்களை நம் தெருவிலேயே காட்டலாம். அதற்கு எலி எதற்கு?

இன்னும் கூர்மையான சோதனை ஒன்று 2018இல் வந்தது. அமெரிக்காவின் பால்டிமோரில், தேசியப் போதை ஆய்வு நிறுவனத்தில் மார்கோ வென்னிரோவும் யாவின் ஷஹமும் செய்தது. கூண்டில் இரண்டு நெம்புகோல்கள். ஒன்றை அமுக்கினால் மெத்தாம்ஃபெட்டமின் அல்லது ஹெராயின் நேராக ரத்தக்குழாயில் ஏறும். இன்னொன்றை அமுக்கினால் ஒரு கதவு திறக்கும். அந்தப் பக்கம் இன்னொரு எலி. ஒரு நிமிடம் முகர்ந்து, உரசி, விளையாடலாம்; பிறகு கதவு மூடிவிடும். வாரக்கணக்கில் போதையில் ஊறிய எலிகள் எதை அமுக்கும்? கிட்டத்தட்ட எல்லாமே கதவைத்தான் அமுக்கின. அடிமையாகிவிட்டவை என்று எல்லா அளவுகோலிலும் தேறிய எலிகள்கூட.

என்னைக் கவர்ந்தது அதற்கு அடுத்த கட்டம். போதையை நிறுத்திய பிறகு, நாள் போகப் போக ஆசை குறைவதற்குப் பதிலாகச் சில வாரங்களுக்குக் கூடிக்கொண்டே போகும். ஆய்வாளர்கள் இதற்கு ‘அடைகாத்தல்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மெத்தாம்ஃபெட்டமின் பழகிய எலிகளில் ஒரு கூட்டத்துக்குப் போதையை வலுக்கட்டாயமாக நிறுத்தினார்கள். இன்னொரு கூட்டம் தினமும் போதையா துணையா என்று தானே தேர்ந்து, துணையை அமுக்கி அமுக்கியே போதையை விட்டது. இரண்டு கூட்டமும் போதை தொடாமல் இருந்தன. ஆனால் பிறகு சோதித்தபோது, கட்டாயத்தில் நிறுத்திய எலிகளிடம் ஆசை அடைகாத்துப் பொரிந்திருந்தது. தேர்ந்து விட்ட எலிகளிடம் அப்படி ஆகவில்லை. பூட்டிய மையத்திலிருந்து வெளியே வந்த வாரமே டாஸ்மாக் வாசலில் நிற்கிறவரை ‘மன உறுதி இல்லாதவன்’ என்று திட்டும் முன் இந்தச் சோதனையை நினைத்துப் பார்க்கலாம். இன்னொன்றும் கண்டார்கள்: கதவு திறக்கத் தாமதமானால் எலிகள் போதைக்கே திரும்பிவிட்டன. துணை என்றால் உடனே கிடைக்க வேண்டும்.

இங்கேயே நிறுத்தினால் நானும் வீடியோக்காரன்தான். 2023இல் ஆம்ஸ்டர்டாமில் நேதன் மார்ச்சண்ட் குழு இதே மாதிரித் தேர்வைச் சாராயத்தை வைத்து நடத்தியது. எலிகள் சாராயத்தைத்தான் அமுக்கின. ஹெராயினைத் தோற்கடித்த துணை, சாராயத்திடம் தோற்றுவிட்டது. ஆகவே ‘துணை’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது.

எந்தத் துணை என்பதற்கு அமெரிக்காவின் டேவிட்சன் கல்லூரியில் மார்க் ஸ்மித் 2012இல் வெளியிட்ட எளிமையான சோதனை வழி காட்டுகிறது. கோகெய்ன் கிடைக்கும் எலிக்குப் பக்கத்தில், கம்பி வலைக்கு அப்பால், இன்னொரு எலி. அந்தப் பக்கத்து எலிக்கும் கோகெய்ன் கிடைத்தால் இது கூடுதலாக எடுத்துக்கொண்டது. பக்கத்து எலிக்குக் கிடைக்காவிட்டால் இதுவும் குறைத்துக்கொண்டது. தனியாக இருந்த எலி இரண்டுக்கும் நடுவே. துணை ஒரே மாதிரி எலிதான். கம்பிக்கு அந்தப் பக்கம் அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதில்தான் வித்தியாசம். ஷிப்ட் முடிந்து “சும்மா கம்பெனி குடுக்க வந்தேன்” என்று பாரில் போய் உட்கார்ந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

மனிதர்களில் இதை அளந்தவர் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் மார்க் லிட். சிகிச்சைக்கு வந்த குடிநோயாளிகளின் பழக்கவட்டத்தையே மாற்ற முயன்ற அவருடைய ஆய்வில், குடிக்காத ஒரே ஒரு ஆள் அந்த வட்டத்தில் புதிதாகச் சேர்ந்தால், அடுத்த ஓராண்டு குடிக்காமல் இருக்கும் வாய்ப்பு 27 சதவீதம் கூடியது. பத்துப் பேர் வேண்டாம், ஒருவர் போதும். சந்தேகப்படுகிறவர்கள் உடனே கேட்பார்கள்: குடியை விடத் துணிந்தவன்தானே குடிக்காதவனைத் தேடிப் போவான்? நியாயமான கேள்விதான். எது காரணம், எது விளைவு என்று இந்த எண் மட்டும் முழுதாகச் சொல்லிவிடாது.

இப்படிப்பட்ட கூட்டங்களின் வரலாற்றைச் சொல்லாமல் விட்டால் பத்திரிகை ஆசிரியர் திட்டுவார், ஆகவே சுருக்கமாக. நியூயார்க்கில் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர் குடியை விட்ட கையோடு மற்ற குடிகாரர்களைத் திருத்தக் கிளம்பினார். ஐந்தாறு மாதத்தில் ஒருவர்கூடத் திருந்தவில்லை. 1935 மே மாதம் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் வியாபாரம் கைவிட்டுப்போய், விடுதியின் மதுக்கூடத்துச் சிரிப்பொலி காதில் விழ நின்றவர், குடிப்பதற்குப் பதிலாகத் தொலைபேசியை எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று விசாரித்தார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10, ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ பிறந்த நாள். 1957இல் அது மும்பை வந்து இந்தியாவில் வேர்விட்டது. வரலாறு முடிந்தது.

அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஆக்ரன் அல்ல. அதற்கு முந்தைய தோல்வி மாதங்கள். யாரையும் திருத்த முடியாத அந்த மாதங்களில் வில்சன் மட்டும் குடிக்கவே இல்லை. உதவி, வாங்கியவர்களுக்குப் பலிக்கவில்லை, கொடுத்தவருக்குப் பலித்தது. அமெரிக்காவில் 1,726 குடிநோயாளிகளைக் கொண்டு நடந்த ‘பிராஜெக்ட் மேட்ச்’ ஆய்வின் தரவுகளை மரியா பகானோ 2004இல் மறுபடி அலசினார். சிகிச்சைக்குப் பின் மற்றக் குடிநோயாளிகளுக்கு உதவியவர்களில் 40 சதவீதம் பேர் அடுத்த ஓராண்டு மீண்டும் குடிக்காமல் தாக்குப்பிடித்தார்கள். உதவாதவர்களில் 22 சதவீதம்தான். இங்கேயும் அதே சந்தேகம் உண்டு. தேறியவனால்தான் உதவ முடியும். ஆனாலும் இடைவெளி பெரிது.

உறைமோரை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சி ஆறிய பாலில் ஒரு கரண்டித் தயிர் விட்டால் விடிவதற்குள் பாத்திரம் முழுக்கத் தயிர். இது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கரண்டித் தயிரின் பக்கத்திலிருந்து பாருங்கள். பழைய சட்டியிலேயே அதை விட்டிருந்தால் நாலு நாளில் புளித்து, பிறகு பூஞ்சணம் பூத்திருக்கும். புதுப் பாலில் விழுந்ததால்தான் அது பிழைத்தது. தினம் புதுப் பால் கிடைத்தால் அதே உறை வருடக்கணக்கில் வாழும். ஒரு வருடம் குடிக்காமல் தனியே உட்கார்ந்திருக்கிறவர் புளிக்கிறார். புதிதாக வருகிறவரிடம் தன் கதையைச் சொல்லப் போகிறவர் மறுபடி இனிக்கிறார். பால் கொதிக்கக் கொதிக்க உறை ஊற்றினால் பாலும் கெடும், உறையும் சாகும். தினமும் அளவுக்கு மீறிக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது முதல் சில நாட்கள் அந்தக் கொதிப்புதான்: கைநடுக்கம், வலிப்பு, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம். அது உயிரைக் குடிக்கும். அப்போது ஆஸ்பத்திரிதான் வேண்டும், கூட்டம் அல்ல. கொடைக்கானல் குளிரில் பால் உறையாது, துணி சுற்றி அடுப்போரம் வைக்க வேண்டும். வீடு குளிர்ந்து கிடக்கும் மனிதருக்கும் அப்படித்தான். அதிகம் புளித்த உறையை ஊற்றினால், கூட்டத்துக்கு வந்து உபதேசம் மட்டுமே செய்கிற சிலரைப் போலத் தயிரும் வாயில் வைக்க முடியாமல் போகும். இந்த உவமையில் பசு யார் என்று வீட்டில் கேட்டார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

ஆக, பலன் எவ்வளவு? 2020இல் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துச் சொச்சம் பேரையும் சேர்த்து எடைபோட்டது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் வழியிலும், அதில் சேர்த்துவிடும் முறையான சிகிச்சையிலும் போனவர்களில் ஓராண்டு முடிவில் முழுதாகக் குடியை விட்டிருந்தவர்கள் 42 சதவீதம். மற்றச் சிகிச்சைகளில் 35. செலவு குறைந்த ஒரு முறைக்கு இது பிரமாதமான எண். அதே நேரம், பாதிக்கு மேல் பேருக்குப் பலிக்கவில்லை என்பதும் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. பேருந்து நிலையச் சுவர்களில் ‘100% குணம், அவருக்குத் தெரியாமலே’ என்று ஒட்டுகிறவர்களுக்கு இந்தக் கூச்சம் கிடையாது. சாப்பாட்டில் ரகசியமாகக் கலக்கும் அந்தப் பொடியில் டைசல்ஃபிராம் இருந்தால், தெரியாமல் மேலே குடிக்கிறவருக்கு ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

தமிழ்நாட்டில் குடிநோய்ச் சிகிச்சையைத் தொடங்கி வைத்தவர்களில் சாந்தி ரங்கநாதனைச் சொல்லாமல் முடியாது. கணவர் டி.டி. ரங்கநாதனைக் குடிக்கு இழந்த மறு வருடம், 1980இல், சென்னையில் அவர் பெயரிலேயே அறக்கட்டளை நிறுவினார். அது நடத்துவதுதான் டி.டி.கே. மருத்துவமனை. அவர்கள் குடவாசல் பக்கம் மஞ்சக்குடி கிராமத்துக்கே போய் முகாம் போட்டார்கள். நோயாளியை ஊரிலிருந்து பிரித்துக் கொண்டுபோகாமல், சிகிச்சையை ஊருக்குள் கொண்டுவந்தது அந்த முகாம். குடும்பமும் ஊர்க்காரர்களும் சிகிச்சையின் பங்காளிகள். முன்பு தேறியவர் அடுத்த ஆளைக் கூட்டிவருவார். கதவு பக்கத்தில் இருந்தது.

இப்படிப் பக்கத்திலேயே கிடைக்கும் சிகிச்சை எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு கணக்கு. 2019இல் எய்ம்ஸ் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெறுகிறார். போதையை விளைவிப்பதில் நாம் இவ்வளவு மந்தமில்லை. மெல்லும் புகையிலையைச் செழிப்பாக வளர்ப்பது எப்படி என்று ஆராய வேடசந்தூரில் மத்திய அரசு நிலையமே இருக்கிறது. டாஸ்மாக் மூலம் 2024–25இல் மாநில அரசுக்கு வந்தது 48,000 கோடி ரூபாய்க்கு மேல். கடை பகல் 12 முதல் இரவு 10 வரை. கூட்டம் வாரத்தில் சில மணி நேரம். எந்தக் கதவு சீக்கிரம் திறக்கிறது என்று எலிக்கே தெரியும்.

சிகிச்சை போதாததைப் பற்றிக் கேட்க வேண்டியவர்கள், அதாவது குடியை விட்டவர்கள், கேட்பதில்லை என்பது இன்னொரு சிக்கல். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் மரபுப்படி வெளி விவகாரம் எதிலும் கருத்துச் சொல்லாது, வெளியார் நன்கொடை வாங்காது. உறுப்பினர்கள் பத்திரிகையில் பெயரும் முகமும் காட்டக் கூடாது. ரகசியம் இருப்பதால்தான் மில் மேஸ்திரியும் வாத்தியாரும் பயமில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடிகிறது. அதே ரகசியத்தால், திருந்தியவர் யார் என்று ஊருக்குத் தெரிவதில்லை. திருந்தாதவர் மட்டும் சாக்கடையோரம் கிடந்து எல்லோர் கண்ணிலும் படுகிறார். அமெரிக்காவில் மார்ட்டி மான் என்ற பெண் 1944இல் துணிந்து தன் பெயரைச் சொல்லி, குடி ஒரு நோய் என்று பிரசாரம் செய்ய ஓர் அமைப்பைத் தொடங்கினார். சென்னையிலும் முன்னுதாரணம் உண்டு, வேறு நோயில்: 1997இல் எச்.ஐ.வி. உள்ளவர்களே சேர்ந்து இந்திய அளவிலான தங்கள் சங்கத்தை அமைத்தார்கள். முகம் காட்டிப் பேசினார்கள். 2004இல் கூட்டு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமானதில் அப்படிப் பேசியவர்கள் பங்கும் உண்டு.

குடிநோயாளிகளுக்கும் சட்டம் ஓர் இடம் வைத்திருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், குடியாலும் போதையாலும் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்றே கணக்கில் எடுக்கிறது. மையத்தில் அடித்தார்கள், விருப்பமில்லாமல் அடைத்து வைத்தார்கள் என்றால் மனநல மறுஆய்வு வாரியத்தில் முறையிடலாம். அந்த வாரியத்தின் ஆறு உறுப்பினர்களில் இரண்டு இடம், நோயை அனுபவித்தவர்களுக்கோ அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்கோ அவர்களுக்காக உழைக்கும் அமைப்புகளுக்கோ உரியது. குடியை விட்ட ஒருவர் மாவட்ட நீதிபதியோடும் மனநல மருத்துவரோடும் சமமாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லலாம். ஆனால் அதற்கான விண்ணப்பத்தில் பெயரும் முகவரியும் எழுதித்தான் ஆக வேண்டும்.